உப்புப் பானையில் வைத்த பட்டியல்

உபதேசியாரே,

இன்று காலை மருமகள் ஸ்டெல்லா பீரோவின் அடித்தட்டைத் துடைக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்து வெளியே வைத்தாள். முடிச்சை அவிழ்த்ததுமே வாசனை வந்துவிட்டது. துரு வாசனை. அதோடு, பாத்தியில் உப்பை வாரி முடித்த பிறகு அடியில் கொஞ்சம் கசப்புத் தண்ணீர் நிற்குமே, அந்த வாசனை. நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"இந்த டப்பாவ இன்னும் எதுக்கு மாமா வெச்சிருக்கீங்க? தூக்கிப் போட்டுடவா?" என்றாள்.

"வேணாம்மா. அது உபதேசியாருது."

அவள் கவரைக் கீழே வைத்தாள். "அவருகிட்ட சொல்ல வேண்டியது ஏதாச்சும் பாக்கி இருந்தா சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றாள். எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். சொல்லத் தெரியும். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

கவரில் இருப்பது உங்கள் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க். கையில் எடுத்தால் அரைச் செங்கல் கனம். நம் கோயில் பங்கின் கல்லறைத் தோட்டம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. யார் எந்த வரிசையில், எத்தனையாவது குழியில் படுத்திருக்கிறார்கள் என்று ஒருவர் விடாமல்.

அந்தப் பட்டியலை நாம் எடுத்த கோடை இப்போதும் கண்ணில் நிற்கிறது. உப்பளத்தில் காலை வேலையை முடித்துவிட்டு, காலில் உப்பு பூத்தபடியே வருவேன். நீங்கள் எனக்கு முன்பாகவே வந்து, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நோட்டும் கேமராவுமாக நிற்பீர்கள். நம் ஊர்க் காற்றில் மரச்சிலுவை ஐந்து வருடம் தாங்கினால் பெரிது. பாதிக் குழிகளின் மேல் ஒரு குச்சிகூட இருக்காது. நீங்கள் வெறும் மணலைக் காட்டிக் கேட்பீர்கள்.

"இது யாரு சவரி?"

"சூசையோட அம்மா."

"எப்படிப்பா சொல்றே?"

"நான் வெட்டுன குழிங்க. எனக்குத் தெரியாதா?"

நீங்கள் சிரிப்பீர்கள். "கோயில் ரெஜிஸ்தர்ல பேரு இருக்குது, தேதி இருக்குது. எடம் மட்டும் உன் தலைக்குள்ள இருக்குது. நீ போயிட்டா அந்த எடத்த நான் யாருகிட்ட போய் கேக்கறது?"

என் தலைக்குள் அது எப்படி நின்றது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்லச் சொல்ல நின்றது, அவ்வளவுதான். உப்பளத்துக்குப் போகும்போதும் வரும்போதும், நீங்கள் கோயிலில் மன்றாட்டு மாலை சொல்வீர்களே, அதுபோல நான் வரிசை வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டே நடப்பேன். முதல் வரிசையில் ஆரம்பித்தால் உப்பங்கழியோரத்துக் கடைசி வரிசை வரும்போது பாத்தி வந்துவிடும். குழி வெட்ட ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

பட்டியல் முழுவதையும் நீங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த அன்று என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டு, திரையைக் காட்டினீர்கள். எனக்கு எறும்பு வரிசை மாதிரி தெரிந்தது. "இனிமே உன் மண்டைக்கு ரெஸ்ட்டு சவரி" என்றீர்கள். நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன். அடுத்த நாள் நடக்கும்போது வாய் தானாக ஆரம்பித்தது. 'அதான் பெட்டிக்குள்ள போயிடுச்சே' என்று நிறுத்திவிட்டேன். அப்போது அது எனக்கு ஒரு சுகமாகக்கூட இருந்தது.

அந்த ஐப்பசியில் புயல் வந்தது. கழி பொங்கி, கோயில் ஆபீசில் முழங்கால் தண்ணீர். கம்ப்யூட்டர் பெட்டி தரையில் இருந்ததால் முழுகிவிட்டது. நோட்டில் மை கரைந்து ஓடிவிட்டது. உங்களுக்கோ அதே வாரத்தில் சிறுநீரகம் கெட்டு, பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். "பெட்டிக்குள்ள இரும்பு டப்பா ஒண்ணு இருக்கும். அத மட்டும் கழட்டி எடுத்து வை. ஈரம் போகணும் சவரி. வந்து நான் பாத்துக்கறேன்."

மைக் செட்காரரை வைத்துக் கழற்றினேன். டப்பாவைச் சாய்த்தால் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே மழை விடவில்லை, வெயில் கிடையாது. ஈரத்தை இழுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கருவாட்டுக்கு மீனை எப்படிப் போடுகிறோம்? கல்லுப்பில் புதைத்தால் ஒரே நாளில் தன் தண்ணீரை எல்லாம் விட்டுவிடுகிறதே. புதுப் பானை ஒன்றில் கல்லுப்பைக் கொட்டி, நடுவில் டப்பாவை வைத்து, மேலேயும் உப்பைப் போட்டு மூடி, துணி கட்டிவிட்டேன். உப்போடு பிறந்து வளர்ந்தவன். அது எனக்குக் கெடுதல் செய்யும் என்று தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினீர்கள். குரல் நூல் மாதிரி இருந்தது. "காய வெச்சியா?" என்றீர்கள். "வெச்சிட்டேன்" என்றேன். "நல்லதுப்பா" என்றீர்கள். நாம் பேசியது அதுதான் கடைசி. நான்காம் நாள் உங்களுக்குக் குழி வெட்டினேன்.

பானை அடுப்படி மூலையிலேயே கிடந்தது. பங்குக்குப் புதுச் சாமியார் வந்தார், ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதை யாரும் தேடவில்லை. நானும் மறந்திருந்தேன்.

போன கல்லறைத் திருநாளில்தான் எனக்குப் பயம் பிடித்தது. எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றி முடித்துக் கிளம்பும் நேரத்தில் தெரேசம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "அண்ணே, எங்க வூட்டுக்காரரு எடம் மறந்துபோச்சு, கொஞ்சம் காட்டுண்ணே" என்றாள். கழியோரக் கடைசி வரிசை. அவள் புருஷன் இன்னாசியும், லூர்தம்மா புருஷன் மிக்கேலும் பத்து நாள் இடைவெளியில் போனவர்கள். பக்கத்துப் பக்கத்தில் புதைத்தேன். நான் விரலை நீட்டினேன். அவள் மண்டியிட்டுப் பற்றவைத்தாள். நான் திரும்பி நாலு எட்டு வைத்திருப்பேன். வடக்கே இன்னாசியா, தெற்கே இன்னாசியா?

நின்றேன். வரிசையை மனதுக்குள் ஆரம்பத்திலிருந்து சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டு வரைக்கும் ஓடி வந்தது. அதற்கப்புறம் இரண்டு பெயரும் ஒன்றாக வந்து விழுந்தன, எது முன்னே எது பின்னே என்று இல்லாமல். தெரேசம்மாவிடம் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த ஊரில் எனக்கென்று இருக்கிற ஒரே பெயர் அதுதானே. சவரி சொன்னால் சரி.

அதன் பிறகு தினமும் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன். வேறு எங்கேயும் தட்டவில்லை. ஆனால் தட்டவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தப்பாகச் சொன்னாலும் சரியாகச் சொன்ன மாதிரிதானே தோன்றும்? இந்த யோசனை வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு, பூசை முடிவில் சாமியார் அறிக்கை வாசித்தார். கழி கல்லறைத் தோட்டத்துக் கரையை அரித்துக்கொண்டு வருகிறது, அடுத்த மழைக்குள் கடைசி வரிசைப் பதினான்கு பேரின் எலும்புகளையும் எடுத்து மேட்டில் புதைக்க வேண்டும், தவக்காலத்தில் செய்வோம், அவரவர் குடும்பத்தார் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். "பழைய உபதேசியார் எடுத்த லிஸ்ட் ஒண்ணு இருந்ததாமே, அந்த ஹார்டு டிஸ்க் யாருகிட்டயாவது இருக்குதா?" என்று கேட்டார்.

பின்னாலிருந்து ஒருவன், "லிஸ்டு எதுக்கு சாமி, சவரி தாத்தா இருக்காரே!" என்றான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு ஓடிப் பானையைப் பிரித்தேன். மேலே வெள்ளையாக இருந்த உப்பு, கையை விட விட மஞ்சளாகி, நடுவில் செங்கல் நிறமாக இருந்தது. டப்பா கட்டியோடு கட்டியாக இறுகியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்பளத்தில் எந்த இரும்பு நமக்கு ஒரு வருடத்துக்கு மேல் உழைத்தது? பம்பு செட், வண்டிச் சக்கரம், மண்வெட்டி, எதையாவது உப்பு விட்டுவைத்ததா? மீனை நினைத்த எனக்கு இரும்பு நினைவுக்கு வரவில்லையே, உபதேசியாரே.

உப்பைத் தட்டித் துடைத்து, சாமியாரிடம் கொடுத்தேன். "வெள்ளத்துல நனைஞ்சது சாமி" என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் பாண்டிக்குப் போனோம். கெட்டுப்போன டிஸ்கிலிருந்து உள்ளே இருப்பதை எடுத்துத் தருகிற கடை, ஒரு மாடியில். கண்ணாடி போட்ட அம்மா ஒருவர், நாற்பது வயது இருக்கும். டப்பாவை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளத்துல நனைஞ்சதுன்னா சேறு இருக்கணும். இது என்ன, திருகு ஓட்டையெல்லாம் உப்பு?"

சாமியார் என்னைப் பார்த்தார். நான், "கடக்கரை ஊருங்கம்மா. உப்புக் காத்து" என்றேன்.

"காத்துல வர்ற உப்பு இப்படிக் கல்லு கல்லா நிக்காதுங்க ஐயா. ஊறுகா போட்ட மாதிரி இருக்குது."

அந்தம்மா சாமியாருக்கு விளக்கிச் சொன்னார். உள்ளே கண்ணாடி மாதிரி வழவழவென்று தட்டு இருக்குமாம். அதன்மேல் ஒரு முள் தொடாமல் ஓடிப் படிக்குமாம். காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டாம். அது வழியாக உப்புத் தண்ணீர் போய்க் காய்ந்திருந்தால், கரண்ட் கொடுத்த உடனே முள் அந்த உப்பில் இடித்துத் தட்டைக் கீறிவிடுமாம். கீறினால் போனது போனதுதானாம். "அதனால எப்படி வெச்சிருந்தாங்கன்னு சரியா தெரிஞ்சா நல்லது" என்றார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். மரக்காணம் நெருங்க நெருங்க ரோட்டோரம் உப்புக் குவியல்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் என்னைத் திட்டுவது மாதிரி இருந்தது. நீங்கள் இருந்தால், "பொய் சொல்லிட்டு பூசையில நன்மை அப்பம் வாங்க வராத" என்று நேராகவே சொல்லியிருப்பீர்கள். மறுநாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பாண்டி பஸ் ஏறினேன். போர்டு படிக்கத் தெரியாததால் கண்டக்டரை மூன்று முறை கேட்டேன். மாடிப் படியில் ஏறும்போது, 'இந்நேரம் கரண்ட் கொடுத்திருப்பாங்களோ, முள்ளு இடிச்சிருக்குமோ' என்றுதான் நினைப்பு ஓடியது. கதவைத் திறந்ததும் நின்ற இடத்திலிருந்தே கத்திவிட்டேன்.

"அம்மா, நான்தாம்மா உப்புல போட்டேன். ரெண்டு வருஷம் கல்லுப்புப் பானையில கெடந்துச்சு. ஈரம் இழுக்கும்னு போட்டுட்டேன்."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்படித்தான் ஏதோன்னு தோணிச்சு ஐயா. அதனாலதான் கரண்ட் குடுக்காம வெச்சிருக்கேன். உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். பிறகு, "அதுல என்ன இருக்குது, நேத்திலருந்து இப்படிப் பயப்படறீங்களே?" என்று கேட்டார். என்ன இருக்கிறது என்று சொன்னேன். எனக்கு எது மறந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று வாரம் ஆனது. அதே மாதிரி வேறொரு டிஸ்க் தேடிப் பிடித்து, அதன் போர்டை இதில் மாட்டி, உள்ளே சுத்தம் செய்து, மெல்ல மெல்லப் படித்து எடுத்ததாகச் சொன்னார். பெரும்பாலும் வந்துவிட்டது. உங்கள் பட்டியல் வந்தது. போட்டோக்கள் வந்தன. ஒரு போட்டோவில் என் கால் மட்டும் இருந்தது, உப்பு பூத்தபடி. ஆனால் ஒரு தட்டின் ஓரத்தை உப்பு தின்றிருந்தது. கடைசி வரிசையில் பன்னிரண்டாவது ஆளோடு பட்டியல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே கட்டம் கட்டமாக ஏதேதோ கிறுக்கல் என்று ஸ்டெல்லா சொன்னாள். இருநூறுக்கு மேற்பட்ட பெயர்களில் போனது இரண்டே இரண்டு. எந்த இரண்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாமியாருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. "ரெண்டு பேருதானே, தாத்தா சொல்லிடுவாரு" என்றார்.

எலும்பு எடுக்கிற நாளில் ஊரே வந்திருந்தது. நாலு பேர் தோண்டினார்கள். நான் ஓரத்தில் நின்றேன். மண் எனக்குக் காட்டிக்கொடுக்கும் என்று கடைசி வரை நம்பினேன். இன்னாசிக்கு வெட்டும்போது இடுப்பு ஆழத்தில் கிளிஞ்சல் அடுக்கு வந்தது நினைவிருந்தது. வடக்குக் குழியில் கிளிஞ்சல் வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன். தெற்குக் குழியிலும் கிளிஞ்சல் வந்தது. இரண்டிலும் அதே நீலப் பிளாஸ்டிக் ஜெபமாலை, கோயிலில் கொடுப்பது. எலும்பு எலும்பாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு வெள்ளைத் துணியோடு.

"சவரி தாத்தா, எது யாரு?" என்று சாமியார் கேட்டார்.

விரலை எந்தப் பக்கம் நீட்டியிருந்தாலும் கதை முடிந்திருக்கும். யாருக்கும் தெரியாது. ஆனால் மிச்ச ஆயுளுக்கும் லூர்தம்மா வேறொருத்தன் எலும்புக்குத் தலைமுட்டி அழுவாள், நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"எனக்குத் தெரியல சாமி."

அந்த வார்த்தையை என் வாயிலிருந்து இந்த ஊர் கேட்டதில்லை. ஆரம்பித்துவிட்டதால் எல்லாவற்றையும் சொன்னேன். தெரேசம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றக் காட்டிய இடம், பானை, உப்பு, எல்லாம். "உப்புலயா போட்ட? கருவாடுன்னு நெனச்சியா?" என்று ஒருவன் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். லூர்தம்மா சிரிக்கவில்லை.

"இத்தினி வருசம் நீ கை காட்டுன எடத்துலதானய்யா மெழுகுவத்தி ஏத்துனேன், எந்தப் பக்கம்னு நான் பாத்து வெச்சதே இல்ல. இப்ப தெரியலன்றியே, நான் யாரத் தூக்கினு போறது?"

தெரேசம்மாதான் பேசினாள். "ரெண்டு பேரையும் ஒரே பொட்டியில போட்டுடுங்க சாமி."

"எங்க ஆளு அவன்கூடவா?" லூர்தம்மா சீறினாள். "மடைத் தண்ணிக்காக எங்க ஆளு மேல மம்புட்டி தூக்குனவன்டி உன் புருசன்!"

"தூக்குனாருதான். இப்ப தூக்கச் சொல்லு, பாக்கலாம்."

லூர்தம்மா இரண்டு குழியையும் எட்டிப் பார்த்தாள். பிறகு தன் துணியை உதறி, தெரேசம்மாவின் துணிமேல் விரித்தாள். உயிரோடு இருந்தவரை ஒரே டீக்கடையில் உட்காராத இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் வைத்து மேட்டில் இறக்கினோம். முதல் பிடி மண்ணைப் போட லூர்தம்மா என்னை விடவில்லை. இன்றுவரை என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

இப்போது சாமியார் சொல்லி, நானும் ஸ்டெல்லாவும் மறுபடி கல்லறைத் தோட்டம் முழுவதும் நடக்கிறோம். நீங்கள் ஏற்றிய பட்டியலை அவள் போனில் வைத்திருக்கிறாள். முதலில் நான் சொல்ல வேண்டும், அப்புறம்தான் அவள் பார்ப்பாள். சரியாகச் சொல்கிறவை அதிகம். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லிவிடுகிறேன். தெரியும் என்று அடித்துச் சொல்லித் தப்பாகப் போனவை இதுவரை மூன்று. ஒவ்வொரு முறை அவள் தலையை ஆட்டும்போதும், நான் நிற்கிற இடத்தில் மணல் கொஞ்சம் உள்ளே போகிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் உங்களிடம் வந்தோம். சிமெண்டுச் சிலுவையில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். எனக்கு அது வெறும் கோடு. ஸ்டெல்லா விளையாட்டாகத்தான் கேட்டாள், "இது யாரு மாமா?"

வாயைத் திறந்தேன். உங்கள் முகம் வந்தது. நீங்கள் பூசைக்கு முன்னால் தொண்டையைச் செருமுவது வந்தது. ஆட்டோவில் என் கையைப் பிடித்த சூடு வந்தது. உபதேசியார் என்று வந்தது. பெயர் வரவில்லை. தேடினேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கழிப் பக்கத்திலிருந்து நாரைகள் எழுந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு வந்தது, எங்கேயும் போகாத மாதிரி. சொன்னேன். "ஒடனேதான மாமா சொன்னீங்க" என்கிறாள் ஸ்டெல்லா. எனக்கு அது ஒரு குழி வெட்டி முடிக்கிற நேரம்.

இந்த மடலின் தலைப்பில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று அவள் சற்றுமுன் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழுதி வைத்துவிட்டால் நான் கையை விட்டுவிடுவேன் உபதேசியாரே, ஒருமுறை விட்டவன் நான். தினமும் எழுந்ததும், யாரிடமும் பேசுவதற்கு முன்னால், அந்தப் பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்கிறேன். சொல்வதற்கு முந்திய அந்த ஒரு நொடியில்தான் என் பயம் முழுவதும் இருக்கிறது.

இன்றைக்கு வந்தது.